கெட்ட செய்தி உங்களிடம் எப்போது வருகிறது? வன்னியில் முதன்முறை பொறுப்பெடுப்பவர்களுக்கு

நியமனக் கடிதம் கைக்கு வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டுவார்கள், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, உங்களைவிட வயதில் மூத்த பன்னிரண்டு பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று கடிதத்தில் எழுதியிருக்காது.

நீங்கள் கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் லைன் சூப்பர்வைசராக இருக்கலாம். முல்லைத்தீவில் கடற்றொழிலாளர் சங்கமொன்றின் முகாமையாளராக இருக்கலாம். மாங்குளம் பக்கம் நெல் ஆலைக் களஞ்சியத்தைப் பொறுப்பெடுத்திருக்கலாம். அறிவியல் நகரில் பொறியியல் படித்து முடித்து, முதல் வேலையே ஒரு கட்டட சைட்டைப் பார்ப்பதாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

குணம் என்றவுடன் கிராம அலுவலரிடம் வாங்குகிற நற்சான்றிதழ்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆள் பிரச்சினைக்குப் போகாதவர், இன்ன இடத்தில் இத்தனை வருடமாக இருக்கிறார், அவ்வளவுதான் அது. வேலையிடத்தில் குணத்தை அளக்க நான் வேறொரு கோல் வைத்திருக்கிறேன். ஏதாவது பிழைத்துப்போனால், அது உங்கள் காதுக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது? பத்து நிமிடத்தில் வந்தால் உங்கள் ஆட்கள் உங்களை நம்புகிறார்கள். மூன்றாம் நாள் மேலதிகாரி சொல்லித்தான் தெரிந்தது என்றால், எவ்வளவு படித்திருந்தாலும் வேலை உங்கள் கையில் இல்லை. இந்த நேரத்தைக் குறைப்பதற்கான வழிகளைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் மூன்று நாள்: கடைசி வயலுக்குப் போங்கள்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களை நம்பி வாழ்கிற ஊர்களில் வட்டவிதானை என்ற பொறுப்பைத் தெரியாதவர் இல்லை. தெற்கிலிருந்தோ யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்தோ வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: வாய்க்காலில் வருகிற தண்ணீரை முறைப்படி வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவர் அவர். மழை குறைந்த காலத்துச் சிறுபோக வேளாண்மையில் இந்த வேலை கத்திமேல் நடப்பது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் கூடி, இந்த முறை இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுப்பார்கள். அந்த அளந்த தண்ணீர் ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும்.

குளத்து மதகான துருசைத் திறந்தால் முதல் வயல்காரனுக்குத் தண்ணீர் தானாகப் பாயும். கடைசி வயல்காரனுக்குத்தான் ஆள் தேவை. எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு வட்டவிதானை ஐயா, முறைத்தண்ணீர் விட்ட இரவு டோர்ச் லைட்டும் மண்வெட்டியுமாக நேரே கடைசி வயலுக்குத்தான் போவார். வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கிக் காலால் மிதித்துப் பார்ப்பார். கணுக்கால் நனையாவிட்டால் வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடப்பார். யார் எந்த இடத்தில் சாக்குப் போட்டு அடைத்திருக்கிறார்கள் என்பது அந்த நடையிலேயே தெரிந்துவிடும். முதல் வயலில் இருந்து நடக்கத் தொடங்கியிருந்தால் விடிந்தும் தெரியாது.

அதையே செய்யுங்கள். முதல் மூன்று நாள் கதிரையில் இருக்காதீர்கள். இரவுக் காவலாளியை, கழிவறை துப்புரவு செய்கிற அக்காவை, துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ தனியாக அலைகிற வெளிக்கள உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். இரண்டு கேள்வி போதும்: "வேலை செய்ய எது இடைஞ்சலாக இருக்கிறது? போன தடவை சொல்லியும் நடக்காதது எது?" பதிலை அவர்கள் கண்முன்னே கொப்பியில் எழுதுங்கள். அதில் ஆகச் சின்னதை, ஒரு பல்ப் மாற்றுவதோ, குடிதண்ணீர்ப் பரல் வைப்பதோ, அந்த வாரமே முடித்துவிடுங்கள். பெரிய பேச்சு எதுவும் தேவைப்படாது.

எப்படிக் கூப்பிடுவது

சின்ன விசயம் போலத் தெரியும். இருபத்தாறு வயதுப் பெடியன் ஐம்பது வயது மேசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் ஒரு சைட் முழுவதும் ஒரு கிழமை மெதுவாக வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சாந்து குழைப்பது மட்டும் வழக்கத்தைவிட ஆறுதலாக நடந்தது.

மூத்தவர்களுக்கு அண்ணை, அக்கா, ஐயா. இளையவர்களுக்குத் தம்பி, தங்கச்சி. வயது எதுவானாலும் வேலை நேரத்தில் "நீங்கள்". ஒருவருக்கு "நீங்கள்", பக்கத்தில் நிற்பவருக்கு "நீ" என்று மாறி மாறி வந்தால், யாருக்கு எந்த மரியாதை என்று எல்லோரும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இன்னொன்று: இங்கே ஒருவர் எத்தனை தரம் இடம்பெயர்ந்தார், யாரை இழந்தார் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவர்களே ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு இருங்கள், அது போதும்.

முதல் பிழை நடக்கும்போது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய பெரிய தோல்வி இதில்தான்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, வீடமைப்பு வேலைகள் மும்முரமாக நடந்த காலம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு திட்டத்தின் கட்டடப் பொருள் களஞ்சியம் என் பொறுப்பில் இருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. தகரக் கொட்டகை, சுற்றிவர தறப்பாள். ஒரு நாள் ஓடு இறக்கும்போது ஒரு தம்பியின் கையிலிருந்து இரண்டு ஓடு விழுந்து உடைந்தது. அன்று எனக்கு மேலிடத்தில் ஏச்சு விழுந்திருந்தது. அந்தக் கோபம் முழுவதையும் பதினைந்து பேருக்கு முன்னால் அவன்மேல் கொட்டினேன். "உன்ர சம்பளத்தில பிடிப்பன்" என்றும் சொன்னேன். பிடிக்கவில்லைதான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஒன்பது நாள் கழித்துக் கார்த்திகை மழை. இரவு ஒன்பது மணிக்குக் காற்று தறப்பாளின் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டது. தண்ணீர் சீமெந்து அடுக்குக்குள் இறங்கியது. அன்று இரவு காவலுக்கு நின்றது அதே தம்பி. என் தொலைபேசி இலக்கம் அவனிடம் இருந்தது. நான் இருந்ததோ மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில். அவன் எனக்குக் கோல் எடுக்கவில்லை. தனியாக ஒவ்வொரு பையாகத் தூக்கி உயரமான மூலையில் அடுக்கியிருக்கிறான். விடிய நான் போனபோது நனைந்த சாரத்தோடு, தலைமயிரில் சீமெந்துத் தூள் பிசுபிசுக்க, பலகையில் குந்தியிருந்தான். இருபது பை மிஞ்சியது. அறுபதுக்கு மேல் கல்லாகிப் போனது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு ஓடு உடைஞ்சதுக்கே அண்டைக்கு அந்தப் பேச்சுப் பேசினீங்கள் அண்ணை."

அந்த அறுபது பையும் மழையால் போனது என்றுதான் அறிக்கையில் எழுதினேன். எதனால் போனது என்று எனக்குத் தெரியும்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் தாதியர் குழுக்களைப் பார்த்தார். நல்ல குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினார். பதிவேட்டில் தலைகீழாக இருந்தது: நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. பிறகுதான் விளங்கியது, அங்கே பிழையை வெளியே சொல்லப் பயம் இல்லை. மற்ற இடங்களில் பிழை நடந்தது, பதிவேட்டுக்கு வரவில்லை. டொயோட்டா தொழிற்சாலைகளிலும் இதே எண்ணம்தான் ஒரு கயிறாகத் தொங்கியது. சாதாரணத் தொழிலாளி பழுது ஒன்றைக் கண்டால் கயிற்றை இழுப்பார், பொறுப்பாளர் உடனே ஓடி வருவார், சரிக்கட்ட முடியாவிட்டால் லைனே நிற்கும். நம்முடைய தையல் லைனில் ஒரு காலர் பிழையாக வருவதை மூன்றாவது மெசினில் இருக்கும் தங்கச்சி கண்டு, பேச்சு விழும் என்று பேசாமல் விட்டால், பின்னேரம் முந்நூறு சேர்ட்டைப் பிரித்துத் தைக்க வேண்டும்.

ஆகவே, இதை அப்படியே பழகுங்கள். கெட்ட செய்தியோடு ஒருவர் வந்தால் உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது "சொன்னது நல்லது" ஆக இருக்கட்டும். அடுத்து "இப்ப என்ன நிலைமை?" அதற்கடுத்து "என்ன செய்தால் இதோடு நிற்கும்?" யார் செய்தது என்பதை மறுநாள் வரைக்கும் கேட்காதீர்கள். முகமும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். வாய் நல்லது என்று சொல்லி, நெற்றி சுருங்கினால் நெற்றியைத்தான் நம்புவார்கள்.

கத்திவிட்டீர்களா? எத்தனை பேருக்கு முன்னால் கத்தினீர்களோ அத்தனை பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். அறைக்குள் கூப்பிட்டுத் தோளில் தட்டுவது கணக்கில் வராது. நான் அந்தத் தம்பியிடம் அடுத்த நாள் காலை இடாப்பில் ஒப்பம் வைக்க எல்லோரும் கூடி நின்ற நேரம் கேட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"பார்ப்பம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள்

நம் பக்கத்தில் "பார்ப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கிறவர் ஒரு மூலையில் நம்பிக்கை வைத்துக்கொண்டு போவார். அதுதான் கொடுமை.

வன்னிச் சனம் எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டைப் பிரதி, புகைப்படம் இரண்டு. யாரோ வந்து எழுதிக்கொண்டு போவார்கள், பிறகு ஆளையே காணக் கிடைக்காது. அதனால் இங்கே புதிதாக வருகிற எந்தப் பொறுப்பாளரின் வாக்கும் பூச்சியத்தில் இருந்து தொடங்குவதில்லை, அதற்கும் கீழே இருந்துதான் தொடங்குகிறது. உங்கள் பிழை இல்லை. ஆனால் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது.

லீவு கேட்டாலும் சம்பள முற்பணம் கேட்டாலும் "வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வந்தும் முடிவு தெரியாவிட்டால் மூன்று மணிக்குப் போய், "இன்னும் தெரியவில்லை, செவ்வாய் சொல்லுறேன்" என்று அதையாவது சொல்லுங்கள். "இல்லை" என்ற பதிலைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். திகதியோடு வருகிற "இல்லை"யைச் சனம் ஏற்றுக்கொள்ளும். இழுபடுகிற "ஓம்"தான் மனக்கசப்பு. இதற்கென்று ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் சொன்னது, மறுபக்கம் முடித்த திகதி. கடைசியில் இந்தக் கொப்பிக்குத் திரும்பி வருவேன்.

காசு, கணக்கு, தராசு

குணம் எல்லாவற்றையும் விடச் சுலபமாகத் தெரிவது எண்களில்தான்.

உங்கள் ஆட்களின் சம்பளச் சிட்டையை வாசிக்கப் பழகுங்கள். 1958இல் வந்த சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம் பிடிப்பார்கள், வேலை கொடுப்பவர் தன் பங்காகக் குறைந்தது 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலை கொடுப்பவர் மட்டும் 3 வீதம். 40,000 ரூபா சம்பளம் என்றால் பிடிப்பது 3,200, நிறுவனம் போடுவது 4,800, நம்பிக்கை நிதிக்கு 1,200. ஒரு மாதத்துக் காசு அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். நீங்கள் கணக்காளர் இல்லைதான். ஆனாலும் உங்கள் பன்னிரண்டு பேருக்கும் அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா, பெயர் அடையாள அட்டையில் உள்ளதுபோலவே எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு பின்னேரம் இருந்து சரிபாருங்கள். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து, பிறகு எடுத்தவற்றில் ஓர் எழுத்து மாறிப்போனவர்கள் இங்கே நிறைய. இருபது வருடம் கழித்துக் காசு எடுக்கப் போகும்போது அந்த ஓர் எழுத்து அவர்களை எத்தனை தரம் பஸ் ஏற்றும் தெரியுமா? இதைச் செய்து கொடுத்த சூப்பர்வைசரை மறக்கமாட்டார்கள்.

நெல் ஆலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு சொல். தராசின் முகம் விவசாயியைப் பார்த்து இருக்கட்டும். ஈரப்பதன் மானியில் வருகிற எண்ணை அவர் கண்ணுக்குக் காட்டுங்கள். அரசின் நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 வீத ஈரப்பதன். உங்கள் ஆலை அதற்கு மேலும் எடுக்கிறது, கழிவு வெட்டுகிறது என்றால் எத்தனை வீதத்துக்கு எத்தனை கிலோ என்று ஒரு மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிடுங்கள். வெட்டுவதைவிட, ஆளுக்கு ஒரு விதமாக வெட்டுவதுதான் சனத்துக்குச் சுடுகிறது. முதலாளி முதலில் முறைப்பார். லொறியும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் பக்கத்து ஆலையைத் தாண்டி உங்கள் வாசலில் வந்து நிற்கத் தொடங்கினால் அவரே இன்னொரு மட்டை எழுதச் சொல்வார்.

களஞ்சியப் பொறுப்பு என்றால், கணக்கில் எதையும் பென்சிலால் எழுதாதீர்கள். பிழை என்றால் ஒரு கோடு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்ன ஒப்பமும் திகதியும் வையுங்கள். வெள்ளைத் திரவம் பூசிய பக்கத்தைக் கண்டால் கணக்காய்வாளருக்கு மூக்கு வியர்க்கும்.

நேரம் தவறாமை பற்றித் தனியாக எழுதவில்லை. வாருங்கள், எட்டு என்றால் எட்டுக்கு.

சொந்தக்காரர்

வன்னியில் ஒருவருக்கு ஒருவர் எந்த வழியிலாவது சொந்தமாகத்தான் இருப்பார்கள். பொறுப்புக் கிடைத்த இரண்டாம் கிழமை தொலைபேசி வரும். எனக்கு வந்தது பெரியம்மாவிடமிருந்து.

"தம்பி, உன்ர மச்சான்தானே. நீ ஒரு சொல்லுச் சொன்னா எடுப்பினம்."

"பெரியம்மா, விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கோ. கடைசித் திகதி 15. நேர்முகத்தில நான் இருக்கமாட்டன்."

"ஏன், நீதானே பெரியாள் அங்க?"

"அதுதான் இருக்கமாட்டன்."

மூன்று மாதம் பெரியம்மா வீட்டில் எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை. நேரான வழியில் போனால் இப்படிச் சில தேத்தண்ணி குடிக்க வேண்டி வரும், அதை மறைக்கப் போவதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சொந்தக்காரர் விண்ணப்பித்தால் முதல் நாளே மேலதிகாரிக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். நேர்முகத் தேர்விலிருந்து எழும்பி வெளியே போங்கள். எடுபட்டால் அவரை உங்கள் குழுவில் வைக்காதீர்கள். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, என்னென்ன பிரதி வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதில் பிழையில்லை. அதே உதவியைக் கேட்டு வருகிற எவருக்கும் செய்யுங்கள். மற்றப் பத்துப் பேரும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓவர்டைம் பட்டியலை நீங்கள் எழுதும்போது அவர்கள் ஒன்றும் பேசாமல் ஒப்பம் வைக்கிறார்களா, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்து வைக்கிறார்களா என்று கவனியுங்கள், விளங்கும்.

நல்ல மனுசன் என்ற பட்டம் போதாது

"அவர் நல்ல மனுசன், ஆனா அவரிட்டப் போனா ஒரு வேலையும் நடக்காது." இந்த வசனத்தை நாம் எத்தனை அலுவலகங்களைப் பற்றிச் சொல்லியிருப்போம்! யாரையும் நோகடிக்காமல் சிரித்துக்கொண்டே இருப்பதைக் குணம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1995இல் மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒருவரை நாம் ஏன் நம்புகிறோம் என்பதை மூன்றாகப் பிரித்தார்கள்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. நம் லான்ட்மாஸ்டர் திருத்துகிறவரை வைத்துப் பாருங்கள். கைராசிக்காரர், ஆனால் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசைப் பூட்டுவார் என்றால் கொடுக்கமாட்டோம். நேர்மையானவர், ஆனால் என்ஜினைப் பிரித்தால் திரும்பப் பூட்டத் தெரியாது என்றாலும் கொடுக்கமாட்டோம். இரண்டும் இருக்கிறது, ஆனால் நாளை விதைப்பு என்று தெரிந்தும் வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டுக் கலியாண வீட்டுக்குப் போய்விடுவார் என்றால்? மூன்றும் சேர்ந்தால்தான் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளலாம்.

ஆகவே தொழிலைப் படியுங்கள். தையல் லைனைப் பொறுப்பெடுத்தால் மதிய இடைவேளையில் ஒரு மெசினில் இருந்து தைத்துப் பழகுங்கள். வேலை செய்யாமல் மற்றவர் தலையில் ஏற்றுகிறவரைக் கண்டும் காணாமல் விடுவது இரக்கமாகாது. அவருடைய பங்கைச் சுமக்கிற பக்கத்து மெசின் அக்காவுக்கு நீங்கள் செய்கிற அநியாயம் அது. தனியாகக் கூப்பிட்டு, நாள், நேரம், எண்ணிக்கை என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "நீங்கள் எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் கதை அவருடைய வளர்ப்பைப் பற்றியதாக மாறிவிடும். "போன செவ்வாயும் வியாழனும் பதினொரு மணிக்குத்தான் வந்தீங்கள், அந்த இரண்டு நாளும் லைன் நின்றது. என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். சில நேரம் பிள்ளைக்குச் சுகமில்லை என்று வரும், சில நேரம் முதல் பஸ் நிறுத்தப்பட்டது என்று வரும், சில நேரம் வெறும் சோம்பல்தான். மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு.

வந்த பதில் உங்களோடு நிற்கட்டும். கடன், குடும்பச் சண்டை, வருத்தம், எதுவானாலும். கிளிநொச்சியில் காலை வாயைவிட்டுப் போனது பின்னேரம் மல்லாவிச் சந்தியில் நிற்கும். தவணைக் காசு கட்டும் அக்காவைத் தேடிக் கடன் நிறுவனத்தார் வேலையிடத்துக்கு வந்தால், எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுவிடாமல் படலைக்கு வெளியே பேச வசதி செய்து கொடுங்கள். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்கள் இங்கே எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

மேலிடம் பிழையான ஒப்பம் கேட்டால்

ஒரு நாள் வரும். நடக்காத பயிற்சிக்கு வரவுப் பட்டியல், வராத கல்லுக்கு வவுச்சர், திகதி போடாமல் ஒரு கடிதம். "எல்லாரும் வைக்கிறதுதான், நீயும் வை" என்பார்கள்.

சினிமாவில் போல மேசையில் தட்டி எழும்பாதீர்கள். வேலையும் போகும், அந்த வவுச்சருக்கு இன்னொருவர் ஒப்பமும் வைப்பார். "கல்லு வந்ததை நான் காணவில்லை, கண்டதும் வைக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். திரும்பவும் கேட்டால், "எழுத்தில் தாருங்கள், கோவையில் போட்டுவிட்டு வைக்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் கதை இத்தோடு முடிந்துவிடும், ஏனென்றால் எழுத்தில் தர யாரும் விரும்புவதில்லை. அன்றிரவே நடந்ததை, நாள், நேரம், சொன்ன சொற்கள் என்று வீட்டில் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அரச நிறுவனம் என்றால், இலஞ்ச ஊழல் ஆணைக்குழு முறைப்பாடுகளை 1954 என்ற தொலைபேசி இலக்கத்தில் எடுக்கிறது. எல்லாவற்றுக்கும் அங்கே ஓட வேண்டியதில்லை. வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருந்தால் முதுகு நிமிரும்.

உங்கள் ஆட்களிடமும் இதே மாதிரி ஒப்பம் கேட்காதீர்கள். மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்று உங்களுக்கும் அந்த ஆசை வரும்.

போகும்போது

மாற்றம் வந்தோ வேலை மாறியோ ஒரு நாள் நீங்கள் போவீர்கள். கையளிப்பு என்றால் திறப்புக் கோர்வையும் இருப்புப் பட்டியலும் கணினிக் கடவுச்சொல்லும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இருப்பைப் புதியவரோடு சேர்ந்து, பழைய தாளைப் பார்க்காமல், ஒன்று இரண்டு என்று எண்ணிக் கொடுங்கள். குறைந்தால் குறைந்ததையே எழுதுங்கள்.

பிறகு நான் முதலில் சொன்ன கொப்பியை எடுங்கள். சொன்னது ஒரு பக்கம், முடித்த திகதி மறுபக்கம். மறுபக்கம் வெறுமையாக இருக்கிற வரிகளை ஒரு தாளில் பார்த்தெழுதிப் புதியவரிடம் கொடுங்கள். நான் கடைசியாகக் கைமாற்றிய தாளில் நான்கு வரி இருந்தது: பரந்தன் லொறிக்கார அண்ணைக்கு ஏற்றுகூலி 4,500 ரூபா பாக்கி. இரவுக் காவலாளி ஐயாவுக்கு மழைக்கோட்டு, அளவு பெரியது. சமையல்கார அக்காவின் சேமலாப நிதிப் பெயர்த் திருத்தம், சத்தியக் கடதாசி கோவையில் இருக்கிறது. பின் தறப்பாளின் கிழக்கு மூலையில் கயிறு இற்றுப்போய்விட்டது, கார்த்திகைக்கு முன் மாற்ற வேண்டும்.